புலிமான்கோம்பைக் கல்லும் திறக்காத ஃபைலும்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் இருக்கிறது புலிமான்கோம்பை. 2006-இல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். மூன்றிலும் தமிழ் பிராமி எழுத்து. அதுவரை அந்த எழுத்து சமணக் குகைகளிலும் பானை ஓடுகளிலும் காசுகளிலும் மோதிரங்களிலும் கிடைத்திருந்தது. நடுகல்லில் கிடைத்தது அதுதான் முதல் முறை.

மூன்று கற்களில் ஒன்றில் உள்ள வாசகம் இது: கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்.

அவ்வளவுதான். வினைமுற்று கிடையாது. வேற்றுமை உருபு கிடையாது. யார் எடுத்த கல், யாருக்கு எடுத்த கல், எங்கே என்ன நடந்தது என்பதற்கான ஒட்டுச்சொல் எதுவும் கல்லில் இல்லை. ஆனாலும் ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் சொல்கிறார்கள்: கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்துபோன, பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். அந்தக் கூடலூர் இன்றைய கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூராக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. ஏழு சொற்களிலிருந்து ஒரு மனிதனின் பெயர், ஊர், சாவு எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

எப்படி வந்தன? கல்லில் இருப்பது தகவல் மட்டும்தான். தகவலை எப்படிக் கோர்ப்பது என்ற விதி கல்லில் இல்லை, வாசிக்கிறவரிடம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஃபைல் படிக்கிற நிரல் எழுதும் எவருக்கும் தினமும் வரும் பிரச்சினையும் இதுதான். குறிப்பாக ஜாவாக்காரர்களுக்கு. முதலில் கல்லின் பக்கமே கொஞ்சம் நிற்போம். ஏன்னா அந்த விதியைக் கண்டுபிடிக்கவே நமக்கு ரொம்ப காலம் ஆச்சு.

*

ஜேம்ஸ் பிரின்செப் அசோகரின் பிராமி எழுத்தை வாசித்து முடித்தது 1837-இல். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகைக் கல்வெட்டை ராபர்ட் சீவல் 1882-இல் கண்டார். எழுத்தைப் பார்த்தால் பிராமி மாதிரியே இருக்கிறது. பிரின்செப் கொடுத்த சாவியைப் போட்டால் திறக்க வேண்டும். போட்டார்கள், திறக்கவில்லை. வந்து விழுந்த ஒலிகள் எந்த மொழியிலும் சேரவில்லை. பிராகிருதம் கலந்த ஏதோ ஒரு மொழி என்று வைத்து வாசிக்கும் முயற்சிகள் நடந்தன. இது தமிழ் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னது 1924-இல்.

சிக்கல் எங்கே இருந்தது என்றால், எழுத்து உருவத்தில் இல்லை, எழுதும் முறையில். அசோகர் பிராமியில் குறி எதுவும் இல்லாத எழுத்து 'க'. பக்கத்தில் சிறு கோடு இழுத்தால் 'கா'. தமிழுக்கு மெய்யெழுத்து சொல்லின் கடைசியில் வந்தே தீரும். அதனால் இங்கே எழுதியவர்கள் விதியை மாற்றிக்கொண்டார்கள். ஐராவதம் மகாதேவன் அந்த மாற்றங்களை மூன்று முறைகளாகப் பிரித்து விளக்கினார். முதல் முறையில் குறியில்லா எழுத்து 'க்'. கோடு போட்டால் அது 'க' அல்லது 'கா', இடம் பார்த்து வாசிக்க வேண்டும். இரண்டாம் முறையில் குறியில்லா எழுத்து 'க்' அல்லது 'க', கோடு போட்டால் 'கா' மட்டும். மூன்றாம் முறையில்தான் புள்ளி வருகிறது. மெய்க்குப் புள்ளி என்று தொல்காப்பியம் சொல்லும் அதே புள்ளி.

ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். முதல் முறையில் ஒருவர் 'மரம்' என்று எழுதினால், ம-வுக்கு ஒரு கோடு, ர-வுக்கு ஒரு கோடு, கடைசி ம சும்மா. அசோகர் விதியோடு வருகிற ஆள் அதை 'மாராம' என்று படிப்பார். எழுத்து அதே எழுத்து, கல் அதே கல். விதியின் வெர்ஷன் வேறு. எந்த வெர்ஷன் என்று கல்லின் தலையில் யாரும் எழுதி வைக்கவும் இல்லை.

*

இனி ஜாவாவுக்கு வருவோம். ஜாவா 1996 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்த 1.1 பதிப்பில் சீரியலைசேஷன் என்ற வசதி சேர்ந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது நினைவகத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் ஆப்ஜெக்ட்டுகளை, பைட் பைட்டாக ஒரே வரிசையில் ஃபைலில் எழுதிவிடலாம். பிறகு வேறொரு நாள், வேறொரு மெஷினில் அவற்றைத் திரும்ப எழுப்பலாம். வீடு மாறும்போது கட்டிலைக் கழற்றி லாரியில் ஏற்றி, போன இடத்தில் திரும்ப மாட்டுகிற வேலை.

இப்படி எழுதிய ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் நான்கு பைட்டுகள் ஏசி, இடி, 00, 05. முதல் இரண்டும் 'இது ஜாவா சீரியலைஸ் செய்த ஓடை' என்ற அடையாளம். அடுத்த இரண்டும் வெர்ஷன், 5. அன்று போட்ட அந்த 5 இன்றும் 5-தான். தொடர்ந்து 73, 72 என்று இரண்டு பைட். அவை ஆங்கில எழுத்துகளாக 'எஸ்ஆர்' என்று கண்ணில் படும். ஒன்று 'ஆப்ஜெக்ட் வருகிறது' என்கிறது, மற்றது 'அதன் கிளாஸ் விவரம் வருகிறது' என்கிறது. பிறகு கிளாஸின் பெயர், எட்டு பைட்டில் ஒரு அடையாள எண், எத்தனை புலங்கள், ஒவ்வொன்றின் வகையும் பெயரும், கடைசியில் மதிப்புகள்.

அப்படிப் பார்த்தால் புலிமான்கோம்பைக் கல்லைவிட இந்த ஃபைல் நிறையவே சொல்கிறது. ஆனால் கிளாஸ் இதற்குள் இல்லை, கிளாஸின் பெயர்தான் இருக்கிறது. நிரலைத் தொலைத்துவிட்டு ஃபைலை மட்டும் வைத்திருப்பவருக்கு ஜாவா 'அந்த கிளாஸைக் காணோம்' என்று கையை விரித்துவிடும். நிரல் இருந்தாலும் நிம்மதி கிடையாது. அந்த எட்டு பைட் எண்ணை எழுதியவரே குறிப்பிடாமல் விட்டால், கிளாஸின் அமைப்பிலிருந்து ஜாவாவே ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்ளும். நாளைக்கு அந்த கிளாஸில் புதிதாக ஒரு பொது மெத்தடைச் சேர்த்தால் போதும், எண் மாறிவிடும். தகவலில் ஒரு புள்ளி மாறியிருக்காது. ஆனாலும் 'நீ வேற, நான் வேற' என்று பழைய ஃபைல் திறக்க மறுக்கும்.

கிளாஸே இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. கல்வெட்டுக்காரர் செய்வதையே செய்யலாம்: பைட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஓடையின் இலக்கணப்படி புலத்தின் பெயர், வகை, மதிப்பு என்று நாமே பகுத்து வாசிப்பது. அந்த இலக்கணம் வெளியிடப்பட்ட ஆவணமாக இருப்பதால் இது சாத்தியம். ஆனால் கிளாஸை எழுதியவர் 'நான் என் வழியில் எழுதிக்கொள்கிறேன்' என்று தனியாக எழுதும் மெத்தட் வைத்திருந்தால், அந்த இடத்தில் வெறும் பைட் குவியல்தான் கிடைக்கும். அதன் பொருள் அந்த கிளாஸுக்கு மட்டுமே தெரியும்.

கல்லுக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. கல்லைப் படித்தால் கல் நம்மை ஒன்றும் செய்யாது. ஜாவா ஃபைலை வழக்கமான முறையில் படித்தால், படிக்கும்போதே அதிலுள்ள ஆப்ஜெக்ட்டுகள் உயிர்பெறுகின்றன, அவற்றின் சில மெத்தட்கள் ஓடுகின்றன. 2015 ஜனவரியில் கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் என்ற இருவர், பரவலாகப் பயன்பட்ட ஒரு அப்பாச்சி நூலகத்தின் கிளாஸ்களையே சங்கிலியாகக் கோர்த்து, ஒரு ஃபைலைப் படிக்க வைத்தே அடுத்தவர் சர்வரில் கட்டளை ஓட்டலாம் என்று காட்டினார்கள். எதையெல்லாம் உயிர்ப்பிக்கலாம் என்று வடிகட்டும் வசதி 2017-இல் ஜாவா 9-இல் வந்தது. ஜாவா தளத்தின் தலைமைக் கட்டமைப்பாளர் மார்க் ரெய்ன்ஹோல்ட் 2018-இல், சீரியலைசேஷனைச் சேர்த்தது 1997-இல் செய்த மோசமான தவறு என்று பொதுவிலேயே சொன்னார்.

*

நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை ஜாவா ஓடையாக அறிமுகமாவதற்கு முன்பே மாடல் ஃபைலாக அறிமுகமாகிவிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கேஸ் டூல்ஸ் லேப் செய்தவர்களுக்கு 'பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம்' என்று சொன்னாலே சிரிப்பு வரும். எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன், புக் பேங்க், ஸ்டாக் மெயின்டனன்ஸ், ஃபாரின் டிரேடிங் என்று பட்டியல் நீளும். சென்னையில் படித்தாலும் 2012-இல் தொடங்கிய போடி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தாலும் வரையும் படங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். யூஸ் கேஸ் படம், கிளாஸ் படம், சீக்வென்ஸ் படம். வரைய ரேஷனல் ரோஸ், இல்லாவிட்டால் ஆர்கோ யுஎம்எல்.

ரோஸ் தன் மாடலை எம்டிஎல் என்ற ஃபைலில் சேமிக்கும். நோட்பேடில் திறந்தால் எழுத்துகளே தெரியும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக நீளும் உரை அது. தலையில் 'பெட்டல்' என்ற சொல், அதாவது ரோஜாவின் இதழ். அதோடு வெர்ஷன் எண், எந்த ரோஸ் எழுதியது என்ற குறிப்பு. கல்லில் இல்லாதது இதில் இருக்கிறது.

இதை ஜாவாவில் படிக்க ஒரு நிரல் எழுதினால் வேலை இரண்டு சுற்றாக நடக்கும். முதல் சுற்றில் அடைப்பு திறக்கும் இடமெல்லாம் ஒரு முனையை அடுக்கில் ஏற்றி, மூடும் இடமெல்லாம் இறக்கி, முழு மரத்தையும் கட்டிவிடலாம். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. கிளாஸ்களுக்கு இடையிலான உறவுகள் அந்த எண்ணைச் சுட்டும். ஒரு உறவு ஃபைலின் முற்பகுதியில் இருக்கும், அது சுட்டுகிற கிளாஸ் ஆயிரம் வரி தள்ளி இருக்கும். அதனால் மரம் முடிந்த பிறகே இரண்டாம் சுற்றில் சுட்டிகளை இணைக்க முடியும். தீயன் அந்தவன் பெயரைப் படிக்கும்போது 'ஆகோள்' இன்னும் வரவில்லை. கடைசிச் சொல் வந்த பிறகுதான் முதல் சொல் 'கல்' என்ன கல் என்று புரிகிறது. அதே கதைதான்.

ஆனால் ரோஸுக்கு ஆயுள் குறைவு. ரேஷனல் நிறுவனத்தை ஐபிஎம் வாங்கி முடித்தது 2003 பிப்ரவரியில். அதன் பிறகு நிறுவனத்தின் கவனம் எக்லிப்ஸை அடித்தளமாகக் கொண்ட புதிய கருவிகளுக்குப் போனது. எம்டிஎல் உரை வடிவில் இருந்ததால் மட்டுமே, ரோஸ் கையில் இல்லாதவரும் இன்று ஒரு பார்சர் எழுதி அதைப் படிக்க முடிகிறது.

கருவிக்குக் கருவி மாடலை மாற்றிக்கொள்ளத்தான் எக்ஸ்எம்ஐ என்ற பொதுத் தரம் வந்தது. எக்ஸ்எம்எல்-ஐ அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொரு ஃபைலும் எந்த மெட்டாமாடலின் எந்த வெர்ஷனைப் பின்பற்றுகிறது என்று சொல்லிக்கொள்ள அதில் இடம் உண்டு. காகிதத்தில் எல்லாம் சரி. நடைமுறையில் ஒவ்வொரு கருவியும் தன் கொச்சையில் எழுதியது. ஒன்று எழுதியதை இன்னொன்று திறந்தால் பாதி உறவு காணாமல் போகும். ஒரே எழுத்து, மூன்று எழுதும் முறை என்ற தமிழ் பிராமிக் கதை இங்கே திரும்ப நடந்தது. போதாததற்கு, ஆரம்பகால எக்ஸ்எம்ஐ-யில் கிளாஸ் இருக்கும், படத்தில் அது எந்த இடத்தில் நின்றது என்பது இருக்காது.

ஆர்கோ யுஎம்எல் இதை எளிமையாகச் சமாளித்தது. அது ஜாவாவிலேயே எழுதிய திறமூல மென்பொருள். தன் மாடலை ஜார்கோ என்ற ஃபைலில் சேமிக்கும். அது ஒரு சாதாரண ஜிப்தான். பெயரின் வாலை மாற்றிப் பிரித்தால் உள்ளே மாடலுக்கு ஒரு எக்ஸ்எம்ஐ, ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒரு ஃபைல். யுஎம்எல் 1.4-ஐத் தாண்டி அது வளரவில்லை. ஆனாலும் பழைய பென்டிரைவில் கிடக்கும் பாஸ்போர்ட் ஆட்டோமேஷனை இன்றைக்கும் எவரும் பிரித்துப் படிக்கலாம். ஆர்கோவின் கிளாஸ் எதுவும் தேவையில்லை. ஜிப் பிரிக்கவும் எக்ஸ்எம்எல் படிக்கவும் ஜாவாவோடு கூடவே வரும் நூலகங்கள் போதும்.

*

தமிழ் பிராமியை வாசிக்க முடிந்ததற்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. விதி தொலைந்தாலும் மொழி தொலையவில்லை. 'ஊர்' என்ற சொல்லை 'ஊர' என்று எழுதியிருந்தால் அது ஊர்தான் என்று தேனியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 'ஆகோள்' என்ற சொல் பேச்சில் மறைந்திருந்தாலும் தொல்காப்பியத்தின் வெட்சித் திணையில் இருக்கிறது. கல்லில் விடுபட்ட உருபுகளை நிரப்பும் இலக்கணம் பேச்சு வழியாகவும் ஏடு வழியாகவும் கைமாறி வந்தது. அதனால்தான் தவறான விதியோடு தொடங்கியவர்களைக் கூட மொழி இழுத்துவந்து சரியான இடத்தில் நிறுத்தியது.

ஃபைலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் மொழியைப் பேசும் ஊர் எதுவும் கிடையாது. அதைப் பேசுவது ஒரு நிரல் மட்டும். நிரலை எழுதியவர் வேலை மாறுவார், கம்பெனி கைமாறும், சோர்ஸ் கோடு இருந்த மெஷின் பழைய இரும்புக்குப் போகும். பிறகு ஏசி, இடி, 00, 05 என்று தொடங்கும் ஃபைல் பத்திரமாகவே இருக்கும். பத்திரமாக, படிக்க முடியாமல்.

ஆகவே நீங்கள் எழுதுகிற நிரல் எதையாவது சேமிக்கிறது என்றால், வேலை முடிந்தது என்று மூடும் முன் ஒன்று செய்து பாருங்கள். அந்த நிரல் இல்லாத ஒரு மெஷினில் அந்த ஃபைலைத் திறந்து, வேறு ஒருவரிடம் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். யார், எந்த ஊர், என்ன நடந்தது என்ற மூன்றையாவது அவர் சொல்லிவிட்டால் நீங்கள் எழுதியது நிற்கும். புலிமான்கோம்பையில் கல் வெட்டியவர் அந்த மூன்றையும் ஏழு சொல்லில் வைத்துவிட்டுப் போனார்.