காளானல்லாத காளான்

பாரிஸ் நகரின் சேன் லூயி மருத்துவமனையில் 1806ஆம் ஆண்டு ஒரு நோயாளியைக் கண்ட மருத்துவர் அலிபேர், அவர் மேனியில் முளைத்திருந்த கட்டிகளைக் காளானுக்கு ஒப்பிட்டார். உவமையாய்ச் சொன்னது 'மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்' எனப் பெயராகவே நிலைத்துவிட்டது. அரபு மருத்துவ நூல்களும் காளானைக் குறிக்கும் 'ஃபுத்ர்' எனும் சொல்லடியிலிருந்தே இதற்குப் பெயர் வகுத்துள்ளன. பிழைக்கும் மொழிபெயர்ப்பு உண்டு போலும்!

உண்மையில் இந்நோயில் பூஞ்சைக்கு இடமே இல்லை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுள் 'டி' வகையைச் சார்ந்தவை கட்டுமீறிப் பெருகித் தோலில் குடியேறுவதே நோய். செந்திட்டு, தடிப்பு, கட்டி என மூன்று படிகளை 1870இல் பசேன் வகுத்தார். மேனி முழுதும் சிவந்த நோயாளியின் குருதியில் உருமாறிய அணுக்களை 1938இல் செசாரி கண்டார். 1975இல்தான் இவை தோலின் 'டி' அணு நிணநீர்ப் புற்று என ஒரே பெயரின்கீழ் வந்தன.

பெயர் செய்யும் கேடு சிறிதன்று. பூஞ்சையெனில் ஒட்டிக்கொள்ளுமே என்று நோயாளியின் தட்டையும் பாயையும் ஒதுக்கிவைக்கத் தோன்றும். இதுவோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. கரப்பான் என்றெண்ணிப் பல ஆண்டுகள் களிம்பு பூசியோரும் உளர். தோலில் சிறுதுண்டு எடுத்து ஆராய வேண்டும். ஒருமுறையில் துலங்காவிடில் மீண்டும் எடுக்க நேரும். தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டோரில் பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர்.