எரிகல்

எரிகல் அல்லது எரிவெள்ளி என்பது விண்வெளியில் உலவும் சிறு துகளோ கல்லோ புவியின் வளிமண்டலத்துள் விரைந்து நுழைகையில் தோன்றும் ஒளிக்கீற்று ஆகும். எரிநட்சத்திரம் என்பது பேச்சு வழக்கு. ஆயினும் விண்மீன் எதுவும் விழுவதில்லை. பெரும்பாலானவை மணற்பருக்கை அளவினவே. நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இவை, ஏறத்தாழ 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்ந்து அழிகின்றன. அழியாது தரையை அடையும் எச்சம் விண்கல் எனப்படும். 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைப் பகுதியில் விழுந்த பர்னல்லி விண்கல் அத்தகையது.

சொற்பிறப்பு

மீட்டியோர் என்ற ஆங்கிலச் சொல், 'உயரத்தில் உள்ளது' எனப் பொருள்படும் மெட்டியோரோன் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மழை, மின்னல், வானவில் ஆகியனவும் முற்காலத்தில் இப்பெயராலேயே குறிக்கப்பட்டன. வானிலையியல் ஆங்கிலத்தில் மீட்டியராலஜி எனப்படுவது இதனாலேயே. எரிகற்கள் அத்துறையைச் சேர்ந்தவை அல்ல. தமிழ்ப் பெயர்களோ இடத்தை விடுத்து நெருப்பைச் சுட்டுகின்றன. வடமொழி 'உல்கா' திரிந்து வழங்கும் உற்கை என்பதற்கும் தீக்கொள்ளி என்ற பொருள் உண்டு.

சங்க இலக்கியத்தில்

கொங்கு நாட்டை ஆண்ட இரும்பொறை மரபைச் சேர்ந்த சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது புறநானூற்றின் 229ஆம் பாடல். பங்குனி மாத நள்ளிரவில் விண்மீன் ஒன்று எரிந்து விழக் கண்டு புலவர் அஞ்சினார். ஏழாம் நாள் அரசன் மறைந்தான். அக்காலத்தில் இது தீய நிமித்தமாகக் கருதப்பட்டது. நிமித்தத்தை நம்பாதவர்க்கும் இப்பாடல் பயனுடையது: அவ்வேளையில் உச்சியிலிருந்து சாய்ந்த விண்மீன், எழுந்த விண்மீன், மறைந்த விண்மீன் ஆகியவற்றைப் புலவர் தனித்தனியே பதிவு செய்துள்ளார்.