கேண்டி அல்ல, கண்டி

2022 மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்திப் போராடின. அந்த நாட்களில் செய்தித்தாள்களில் அடிக்கடி கண்ணில் பட்டது, ‘ஒரு கேண்டி (356 கிலோ)’ என்ற தொடர். ஆலைகள் நூலைக் கிலோவில் விற்கின்றன. பஞ்சை மட்டும் ஏன் இந்த விநோதக் கணக்கில் வாங்குகின்றன?

கணக்கு பம்பாய்ப் பஞ்சுச் சந்தையுடையது. அங்கே ஒரு கண்டி பஞ்சு என்றால் 784 பவுண்டு. இலங்கைத் தமிழர் அந்தர் என்று சொல்லும் 112 பவுண்டு நிறை ஏழு சேர்ந்தால் அந்த எடை வரும். கிலோவில் அது 355.62, அதைத்தான் வியாபாரிகள் 356 ஆக்கிக்கொண்டார்கள். சென்னைக் கண்டியோ இதைவிடச் சிறியது. எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு கண்டி. மணங்குக்கு 25 பவுண்டு வீதம் மொத்தம் 500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 227 கிலோ. ஊருக்கு ஊர் எடை மாறினாலும் பெயர் மாறவில்லை.

தமிழ், மலையாளம், தெலுங்கு, மராத்தி நான்கிலும் புழங்கிய சொல் இது. போர்ச்சுக்கீசியர் இதைக் ‘காண்டில்’ என்று எழுதினார்கள். ஆங்கிலேயர் வாயில் ‘கேண்டி’ ஆயிற்று. துண்டாக்குதல் என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து இது வந்தது என்கிறது, ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. மிட்டாயைக் குறிக்கும் ஆங்கிலக் கேண்டியும் அந்த வேரின் கிளைதான். வடமொழிக் கண்டம் பாரசீகம், அரபு, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. நம் கற்கண்டில் உள்ள கண்டும் அதன் உறவே. இலங்கையின் கண்டி நகருக்கு இதில் தொடர்பில்லை. அது மலையைக் குறிக்கும் சிங்களக் ‘கந்த’வில் பிறந்த பெயர்.

நம்மிடமிருந்து கடன் போன சொல்லை ஆங்கிலேயரின் உச்சரிப்போடு திரும்ப வாங்கிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பஞ்சு விலை எழுதும் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: 356 கிலோ என்ற விளக்கம் அப்படியே இருக்கட்டும், அதன் முன்னால் மட்டும் கண்டி என்று எழுதுங்கள்.