சாதி நாய்

நம்ம ஊர்ப்பக்கம் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிற சீமை நாயைச் ‘சாதி நாய்’ என்பார்கள். மற்றதெல்லாம் தெரு நாய். நாய்க்குச் சாதி எப்படி வந்தது என்று தேடிப் போனால், மனுசச் சாதியைப் பற்றியும் கொஞ்சம் பிடிபடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் 1859இல் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. அடுத்தடுத்துப் பல ஊர்களில் நடந்தன. 1873இல் லண்டனில் கென்னல் கிளப்பைத் தொடங்கினார்கள். வம்சாவளிப் பதிவேடும் வந்தது. அதற்கு முன்பு நாயைப் பெரும்பாலும் அது செய்கிற வேலையை வைத்தே அடையாளம் சொன்னார்கள்: ஆடு மறிக்கிற நாய், எலி பிடிக்கிற நாய், புதரிலிருந்து பறவையைக் கிளப்புகிற நாய். கண்காட்சி மேடையில் ஆடும் இல்லை, எலியும் இல்லை. காது, வால், நிறம், மூக்கு, இவற்றைத்தான் நடுவர் பார்க்க முடியும். இன்ன இனத்துக்கு இன்ன தோற்றம் என்று எழுதி வைத்தார்கள்.

எழுதியதும் என்ன நடந்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பானியல் நாய்களை எடை போட்டுப் பிரித்தார்கள். 25 பவுண்டுக்குள் இருந்தால் காக்கர். ஒரே ஈத்துக் குட்டிகளில் சின்னது ஒரு இனம், பெரிசு வேறொரு இனம்! நார்விச் டெரியர் கதை இன்னும் வேடிக்கை. 1932இல் கென்னல் கிளப் அதை ஒரே இனமாக ஏற்றபோது விறைத்த காதும் உண்டு, மடிந்த காதும் உண்டு. 1964இல் மடிந்த காதைத் தனியே பிரித்து ‘நார்ஃபோக் டெரியர்’ என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் இதே பிரிவினை 1979இல்தான் நடந்தது. ஆக, 15 வருசம் கடலுக்கு அந்தப்பக்கம் ஒரே சாதி, இந்தப்பக்கம் ரெண்டு சாதி. நாய் மாறவில்லை, ஏடுதான் மாறியது.

ஏட்டை மூடிவிட்டால் உள்ளுக்குள்ளேயே இணைக்க வேண்டும். தாயோடு மகனையும், கூடப்பிறந்ததோடு கூடப்பிறந்ததையும் இணைத்துப் பிறந்த குட்டிகளைக் கென்னல் கிளப் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. 2008இல் பிபிசி தொலைக்காட்சி இதை அம்பலப்படுத்திய பிறகே, 2009இல் நிறுத்தியது. தலை பெருக்க வேண்டுமென்று வளர்த்த புல்டாக்கின் குட்டிகள் பெரும்பாலும் வயிற்றை அறுத்துத்தான் வெளியே வருகின்றன. ‘சுத்த ரத்தம்’ என்ற பேச்சுக்கு அந்த வாயில்லாச் சீவன் கொடுக்கிற விலை இது.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், அகமணம்தான் சாதியைச் சாதியாக வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் காட்டினார். முதலில் ரத்தம் வேறாக இருந்து பிறகு வேலி வரவில்லை. வேலி போட்ட பிறகுதான் ரத்தம் வேறு என்கிற கதை வருகிறது. நாய்க்காவது காதில் வித்தியாசம் காட்ட முடிகிறது. நமக்கும் அவர்களுக்கும் நடுவே அதுகூடக் கிடையாது.

இதை வெறும் உவமை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். மதுரை மாவட்டத்தின் சில கிராமங்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை இருந்தது பதிவாகியிருக்கிறது. சேரி நாய் ஊர்த்தெருவுக்குள் போய் அங்குள்ள பெட்டை நாயோடு சேர்ந்துவிடுமாம்! அங்கே கண்காட்சியும் இல்லை, நடுவரும் இல்லை, நாயின் காதை யாரும் பார்க்கவும் இல்லை. யார் வீட்டுச் சோறு தின்கிறது என்பதை மட்டும் பார்த்தார்கள். லண்டன் கிளப்புக்காவது ஒரு ஏடு வேண்டியிருந்தது. நம்ம ஊர்க்காரனுக்கு அதுவும் தேவைப்படவில்லை.