அரை மணி நேரமும் ஒரு நாட்காட்டிக் கோப்பும்

2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி, நள்ளிரவு கடந்து அரை மணியானபோது, இலங்கையின் கடிகாரங்கள் அரை மணி நேரம் பின்னகர்த்தப்பட்டன. அதற்கு இரு நாட்கள் முன்னர்தான் கூகிள் நிறுவனம் தனது இணைய நாட்காட்டியை வெளியிட்டிருந்தது. இவ்விரு செய்திகளுக்கும் இடையில் தொடர்பு உண்டென அன்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால், உண்டு.

கணினி நாட்காட்டிகள் ஒருகாலத்தில் ஒன்றோடொன்று பேசாதவையாக இருந்தன. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் எழுதிய நாட்குறிப்பை இன்னொன்று வாசிக்காது. இந்நிலையை மாற்ற அப்பிள், ஐ.பி.எம்., ஏ.டி. அன்ட் டி., சீமென்ஸ் ஆகியவை 'வேர்சிட்' என்ற கூட்டமைப்பாக இணைந்தன. அவை 1996 செப்டெம்பரில் வெளியிட்ட பொதுமுறையே 'வீகலண்டர்'. அதிலிருந்து வளர்ந்த 'ஐகலண்டர்' 1998 நவம்பரில் இணையத் தரநிலையாக வெளியாயிற்று. அதனை எழுதியவர்கள் லோட்டஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் டோசனும் மைக்ரோசொப்டின் டெரிக் ஸ்டெனர்சனும் ஆவர். சந்தையில் போட்டியிட்ட இரு நிறுவனங்களின் ஊழியர்கள் ஒரே ஆவணத்தில் ஒப்பமிட்டமை குறிப்பிடத்தக்கது. ஐ.சி.எஸ். என்ற ஈற்றுப்பெயருடைய அக்கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது. எந்தக் கணினியிலும் திறந்து கண்ணால் வாசிக்கலாம்.

இத்திறந்த தன்மையின் பயனைக் கைத்தொலைபேசியில் காட்டிய முயற்சிகளுள் ஒன்று 'ஓப்பன்மோக்கோ'. 2007 ஜூலையில் அது விற்பனைக்கு விட்ட நியோ 1973 லினக்ஸில் இயங்கியது. முதலாவது கைத்தொலைபேசி அழைப்பு நிகழ்ந்த ஆண்டையே அது தன் பெயராகச் சூடியிருந்தது. அதன் நாட்காட்டிக்கு, லினக்ஸ் மேசைக் கணினிகளில் பயன்பட்ட எவலூஷன் மென்பொருளின் தரவுப் பகுதி சுருக்கி எடுத்தாளப்பட்டது. அதுவோ நிகழ்வுகளை ஐகலண்டர் வடிவிலேயே சேமித்தது. எனவே, இணையத்திலிருந்து பெற்ற விடுமுறைப் பட்டியலைச் சேர்ப்பதென்பது, ஓர் எழுத்துக் கோப்பிலிருந்து இன்னோர் எழுத்துக் கோப்புக்கு வரிகளை மாற்றுவதேயாகும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். இறக்குமதி செய்த கோப்பு ஒரு பிரதி மாத்திரமே; வெளியிட்டவர் பின்னர் திருத்தினால் நம் தொலைபேசி அதனை அறியாது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்துவமான அடையாள எண் உண்டாதலால், திருத்திய கோப்பை மீண்டும் சேர்க்கும்போது, பழைய பதிவு இரட்டிக்காமல் புதுப்பிக்கப்பட வழியுண்டு.

இனி, அந்த அரை மணி நேரத்துக்கு வருவோம். 2006 ஏப்ரல் 20ஆம் திகதி காலை 9 மணிக்குக் கொழும்பில் ஒரு கூட்டம் என வைத்துக்கொள்வோம். மாற்றத்துக்கு முன் எழுதப்பட்ட கோப்பு அதனை உலகப் பொதுநேரத்தில் 3.00 எனக் குறித்திருந்தால், மாற்றத்தின் பின் அது காலை 8.30 எனத் தோன்றும். 'கொழும்பு நேரம் 9.00' என எழுதியிருந்தால் கொழும்பில் பிழை இராது. ஆயினும், பழைய நேர விதியையே கொண்டிருந்த தொலைபேசி, இலண்டனிலுள்ள உறவினருக்கு அதிகாலை 4.30 என்பதற்குப் பதிலாக 4.00 எனக் காட்டியிருக்கும்.

நம் நேரம் மாறியது இது முதற்றடவையன்று. 1996 மே மாதம் மின்சாரத்தைச் சேமிக்கவென ஒரு மணி நேரம் முன்னகர்த்தப்பட்டு, ஒக்டோபரில் அரை மணி குறைக்கப்பட்டது. வீகலண்டர் வெளியானது இவ்விரு மாற்றங்களுக்கும் நடுவிலேதான்! விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியோ பழைய நேரத்தையே பேணியது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஓமந்தையைக் கடந்தோர், எல்லைக்கு இப்புறம் ஒரு நேரமும் அப்புறம் ஒரு நேரமும் நிலவக் கண்டனர். நாட்காட்டிக் கோப்புக்குத் தெரிந்ததோ 'ஏசியா கொழும்பு' என்ற ஒரே பெயர். வன்னியில் வாழ்ந்தவரின் ஒன்பது மணி அதில் இடம்பெறவில்லை.

உலகின் நேர மாற்றங்களைத் தொகுக்கும் பொதுப் பதிவேட்டை 1980களில் ஆரம்பித்தவர் அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன். தன்னார்வலர்களே அதனை வளர்த்தனர். 2011இல் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம் பதிப்புரிமை கோரி வழக்குத் தொடுக்க, பதிவேடு சில நாட்கள் இணையத்திலிருந்து மறைந்தது. பின்னர், இணையப் பெயர்களை நிருவகிக்கும் ஐகான் அமைப்பு அதனைப் பொறுப்பேற்றது. 2012இல் வழக்கு மீளப்பெறப்பட்டது. லினக்ஸ் தொலைபேசியில் அப்பதிவேடும் சாதாரணக் கோப்புகளே. அரசு நேரத்தை மாற்றினால், உற்பத்தியாளரின் தயவுக்குக் காத்திராமல் உரிமையாளரே புதியதை இட்டுக்கொள்ளலாம்.

ஓப்பன்மோக்கோ 2009இல் தொலைபேசி உருவாக்கத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஐகலண்டர் தரநிலை திருத்தி வெளியிடப்பட்டு, இன்றும் பயன்படுகிறது. கருவி மறைந்தது, அதிலே எழுதிய நாட்குறிப்பை இன்றும் வாசிக்கலாம். தம் நாட்களை எதில் எழுதிவைப்பது என்று எண்ணுவோர், அழகான திரையைப் பார்ப்பதற்கு முன் இதனைச் சிந்திப்பது நன்று.