ஓர் அங்குலம் குறைந்த குண்டு

விசாரணைக் குழு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குள் ஒரு கசப்பு எழும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இன்று நான் எழுத வந்தது வேறொரு விசாரணையையும் அதன் பின்விளைவையும் பற்றி. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் அதிகாரிகளுக்குக் கொடுத்த கைத்துப்பாக்கியை முப்பது ஆண்டுகளில் மூன்று முறை மாற்றியது. கடைசியில், எந்தக் குண்டின் மேல் பழி போட்டுத் தொடங்கியதோ அதே அளவுக் குண்டுக்கே திரும்பி வந்தது. துப்பாக்கிக் கதை என்றதும் பயப்பட வேண்டாம். நான் தீபாவளித் துப்பாக்கிக்கு மேல் எதையும் கையில் எடுத்ததில்லை.

1908இல் அந்தத் துறை தொடங்கியபோது அதன் அதிகாரிகள் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் பொது அனுமதி கிடையாது. 1933 ஜூன் 17 அன்று கான்சாஸ் சிட்டி ரயில் நிலையத்தின் வாசலில், ஒரு கைதியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மீது சிலர் சுட்டார்கள். துறையின் அதிகாரி ஒருவரும் போலீஸ்காரர்கள் மூவரும் அந்தக் கைதியும் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. முதல் துப்பாக்கியே ஒரு சாவுக்குப் பிறகு வந்ததுதான்.

அதன்பின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சாதாரண அதிகாரியின் இடுப்பில் இருந்தது ரிவால்வர். ஆறு அறைகள், ஆறு தோட்டாக்கள். தீர்ந்தால் காலிக் கூடுகளை உதறிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அதிரடிப் பிரிவில் இருந்தவர்களுக்கு மட்டும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் கொடுத்திருந்தார்கள். 9 மில்லிமீட்டர் என்பது குண்டின் விட்டம். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒரு மேகஸினில் அடுக்காக இருக்கும். அது தீர்ந்தால் வேறொன்றைச் செருகிவிடலாம்.

1986 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, காலை சுமார் ஒன்பதரை மணி. மயாமி நகரின் தெற்கே எட்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் ஒரு காரை மறித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் மைக்கேல் பிளாட், வில்லியம் மேடிக்ஸ். இருவரும் முன்னாள் ராணுவத்தினர். பல மாதங்களாக வங்கிகளையும் பணம் ஏற்றிச் செல்லும் வண்டிகளையும் கொள்ளையடித்து வந்தவர்கள். கார்கள் மோதி நின்ற மறுகணமே சண்டை தொடங்கியது. ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன.

பிளாட்டின் கையில் இருந்தது ரூகர் மினி-14 என்ற ரைஃபிள். அதற்கு எதிரே ரிவால்வர்களும் மூன்று பிஸ்டல்களும். கார் மோதிய வேகத்தில் ஓர் அதிகாரி இருக்கையில் தயாராக எடுத்து வைத்திருந்த ரிவால்வர் எங்கோ தெறித்துப் போனது. இன்னொருவரின் கண்ணாடி கழன்று விழுந்தது. கையில் குண்டு பட்ட மூன்றாமவரால் ரத்தத்துக்கு நடுவே ரிவால்வரில் தோட்டா நிரப்ப முடியவில்லை. சண்டை முடிந்தபோது பெஞ்சமின் குரோகன், ஜெர்ரி டவ் என்ற இரண்டு அதிகாரிகள் இறந்து கிடந்தார்கள். குரோகனுக்கு வயது 53, டவ்வுக்கு 30. மேலும் ஐந்து பேருக்குக் காயம். முடித்து வைத்தவர் எட்மண்டோ மிரெலெஸ். இடது முன்கை எலும்பு நொறுங்கிய நிலையில், ஒற்றைக் கையாலேயே ஷாட்கன்னை இயக்கி ஐந்து முறை சுட்டார். பிறகு தள்ளாடி நடந்துபோய் ரிவால்வரால் இருவரையும் சுட்டு வீழ்த்தினார்.

பிரேதப் பரிசோதனையில் ஒரு விஷயம் தெரிந்தது. சண்டையின் தொடக்கத்திலேயே பிளாட்டின் மீது ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு பாய்ந்திருக்கிறது. டவ் சுட்டது அது என்பது ஆய்வாளர்களின் முடிவு. வலது மேல்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆளைக் கொன்றிருக்கக்கூடிய காயம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பிளாட் நடந்துபோய்க் குரோகனையும் டவ்வையும் கொன்றுவிட்டார்.

இதில் வேதனை என்னவென்றால், அந்தக் குண்டில் ஒரு குறையும் இல்லை. முனையில் குழி உள்ள, எடை குறைந்த குண்டு அது. உடம்பில் பட்டதும் பூப்போல விரிந்து வேகமாக நிற்க வேண்டும், மறுபக்கம் வெளியேறி வேறு யார் மீதும் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருந்தார்கள். கையைக் கடந்து மார்புக்குள் போக நேரும் என்று யாரும் கணக்கிடவில்லை.

1987 செப்டம்பரில் குவாண்டிகோவில் உள்ள பயிற்சி மையத்தில் மருத்துவர்களையும் குண்டுக் காய நிபுணர்களையும் கூட்டினார்கள். ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லரும் அவர்களில் ஒருவர். அங்கே தொடங்கிய வேலையிலிருந்துதான் இன்றும் நிலைக்கும் ஒரு சோதனை முறை பிறந்தது. சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டி. அதற்கு முன்னால் தடித்த துணி, தகரம், பலகை, கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வைத்துச் சுட வேண்டும். குண்டு குறைந்தது 12 அங்குலம் உள்ளே போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

1989இல் துறை வெளியிட்ட அறிக்கை இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னது. சினிமாவில் காட்டுவதுபோல் கைத்துப்பாக்கிக் குண்டு பட்டவன் தூக்கியெறியப்பட மாட்டான். மூளையிலோ மேல் தண்டுவடத்திலோ படாவிட்டால், ரத்தம் வடிந்துதான் விழுவான். இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயுவை வைத்துப் பத்துப் பதினைந்து விநாடி சண்டையிட முடியும்.

இதையெல்லாம் எழுதிய துறையே, கூடவே பெரிய குண்டையும் தேடிப் போனது. 10 மில்லிமீட்டர் குண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். முழு மருந்தோடு சுட்டால் அது பின்னால் பலமாக உதைக்கும். எனவே மருந்தைக் குறைத்து ஒரு தோட்டா தயாரானது. அதற்காக 1990இல் வந்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1076. கனமான, பருத்த பிஸ்டல். அதில் கோளாறுகள் தென்பட, அது நெடுநாள் நிலைக்கவில்லை.

இதற்கிடையில் தோட்டா செய்பவர்களுக்கு ஓர் எளிய யோசனை தோன்றியது. மருந்தைக் குறைத்த பிறகு அவ்வளவு நீளமான கூடு எதற்கு? கூட்டைக் கத்தரித்தால் 9 மில்லிமீட்டர் துப்பாக்கியின் அளவுக்குள்ளேயே அடங்கிவிடுமே! அப்படி 1990இல் வெளிவந்தது பாயின்ட் 40 தோட்டா. எஃப்.பி.ஐ. 1997இல் அதற்கான கிளாக் 22, 23 பிஸ்டல்களுக்கு மாறியது. பெரியவர் போன வழியில் நாடெங்கும் பல போலீஸ் துறைகள் அதே தோட்டாவுக்கு மாறின.

2014இல் துறையின் பயிற்சிப் பிரிவு தன் கணக்கைத் தானே மறுபடி போட்டுப் பார்த்தது. இடைப்பட்ட காலத்தில் 9 மில்லிமீட்டர் குண்டின் தயாரிப்பு வெகுவாக முன்னேறியிருந்தது. அதை முன்னேற்றியது எது? மயாமிக்குப் பிறகு வந்த அதே ஜெலட்டின் சோதனைதான். இப்போது சிறிய குண்டும் பெரிய குண்டும் ஏறக்குறைய ஒரே ஆழம் போயின. சின்னதில் உதை குறைவு, விலை குறைவு, துப்பாக்கியின் தேய்மானம் குறைவு, மேகஸினில் இரண்டு தோட்டா அதிகம். சோதித்தபோது பெரும்பாலான அதிகாரிகள் அதில்தான் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள். உண்மையான மோதல்களில் போலீஸார் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 சதவீதம் இலக்கில் படுவதேயில்லை என்பதையும் அந்த ஆவணம் ஒப்புக்கொண்டது. படாத குண்டு எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்? 2016இல் ஒப்பந்தம் கிளாக்குக்குப் போனது. 9 மில்லிமீட்டர் பிஸ்டல், 17எம், 19எம்.

முப்பது ஆண்டும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சோதனை முறை ஒன்றே போதும், அது பல உயிர்களுக்கு ஈடு. ஆனால் அன்று அந்தத் தெருவில் வேறு கேள்விகளும் கிடந்தன. பலம் வாய்ந்த ஆயுதங்கள் வைத்திருந்த அதிகாரிகளின் வண்டிகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. எட்டுப் பேரிடம் இருந்த இரண்டு ஷாட்கன்களில் ஒன்று பின்சீட்டில் கைக்கு எட்டாமல் கிடந்தது. ரிவால்வரை உறையிலிருந்து எடுத்து இருக்கையில் வைத்தபடி காரை மோதவிட்டார்கள். இவற்றைப் பற்றியும் பேசினார்கள்தான். ஆனாலும் ஊர் வாயில் நின்றது அந்த ஓர் அங்குலம் மட்டுமே. குண்டை மாற்றலாம், விலைப்புள்ளி கேட்கலாம், வாங்கிப் பட்டியலில் ஏற்றலாம். மற்றவை அப்படி அல்ல.

முதலில் சொன்ன கசப்புக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒருநாள் இரவு ஷிஃப்டில் கிரேன் தூக்கிய சுமை நழுவி, ஒரு தொழிலாளியின் பாதம் நசுங்கியது. விசாரணைக் குழுவில் நானும் ஒருவன். கம்பிவடத்தில் இழை அறுந்திருந்தது உண்மை. "பழைய கம்பிவடமே காரணம்" என்று எழுதினோம். புதிதாக ஒரு டஜன் வாங்கினார்கள். ஆனால் நான்கு பேர் செய்ய வேண்டிய வேலையை அன்று இரண்டு பேர் செய்துகொண்டிருந்தார்கள், அதில் அவர் தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்டில் நின்றவர். குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். எழுதினால் ஆள் எடுக்க வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும். கம்பிவடம் என்றால் வாயில்லாப் பொருள், மறுத்துப் பேசாது.

நானும் கையெழுத்துப் போட்டேன். ஓய்வு பெறும்வரை அந்தத் தொழிலாளி கேட் பக்கம் ஊன்றுகோலோடு எதிரே வரும்போது "வணக்கம் சார்" என்பார். நான் ஒருநாளும் நின்று பேசியதில்லை.