கேமரன் மலையின் நீரும் மண்ணும்

தெலோம், பெர்த்தாம் ஆகிய இரண்டும் கேமரன் மலையில் பிறந்து, இயல்பாகக் கிழக்கு நோக்கிப் பாய்ந்து, பகாங் ஆற்றொடு கலப்பவை. அவற்றின் நீரை மேற்கே திருப்பிப் பேராக் மாநிலத்தில் விழச் செய்த பெருமுயற்சியே கேமரன் மலை நீர்மின் திட்டமாகும்.

1949 செப்டம்பர் முதல் நாளன்று தோன்றிய மத்திய மின்சார வாரியம் இப்பணியை மேற்கொண்டது. இதற்கென 1958இல் உலக வங்கி வழங்கிய 3 கோடியே 56 லட்சம் அமெரிக்க டாலரே மலாயா அவ்வங்கியிடம் பெற்ற முதற்கடன்.

திட்டத்தின் சிறப்பு அதன் சிக்கனத்தில் உள்ளது. தெலோம் ஆற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, ஹாபுவில் ஒரு சிறு நிலையத்தை இயக்கி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் பெர்த்தாம் நீரோடு கூடுகிறது. அங்கிருந்து மீண்டும் சுரங்கம். 500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கும் அந்நீர், நிலத்தடியில் அமைந்த ஜோர் நிலையத்தின் நான்கு பெல்டன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. 1963இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் ஆற்றல் 100 மெகாவாட். வேலை முடித்த நீரை அப்படியே ஆற்றில் விட்டுவிடவில்லை. 1968இல் எழுந்த 150 மெகாவாட் வோ நிலையத்திற்கும் அதையே அனுப்பினர். ஒரு துளி நீருக்கு மும்முறை வேலை! எரிபொருள் ஒரு கரண்டியும் செலவில்லை.

ஆயினும், திட்டம் வகுத்தோர் நீரை அளந்த அளவுக்கு மண்ணின் வரவை எதிர்பார்த்திலர் எனல் வேண்டும். காய்கறித் தோட்டங்களுக்கும் கட்டடங்களுக்குமாகச் சரிவுகளிலிருந்த காடு அழிக்கப்பட, மழைதோறும் மண் கரைந்து ரிங்லெட்டில் படியலாயிற்று. மண் சேரச் சேர நீருக்கு இடம் குறைந்தது. மின்னாக்கத்திற்குப் பயன்பட வேண்டிய நீரைத் தேக்க முடியாமற் போனது. இழப்பு அதனோடு நின்றிருந்தால் கணக்கேட்டில் எழுதி முடித்திருக்கலாம். 2013 அக்டோபர் 23 விடியலுக்கு முன், பெருமழையால் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

1990இல் வாரியத்தின் பணியை ஏற்ற தெனாகா நேஷனல் நிறுவனம், 2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்கப் போவதாக 2021இல் அறிவித்தது. அவ்விலக்கிற்குப் புகையற்ற இப்பழைய நிலையங்கள் பெருந்துணையாவன. சக்கரங்களைப் புதுப்பிப்பது நிறுவனத்தின் கையில் உள்ளது. மேட்டு நிலத்தைக் காடாகவே வைப்பதோ மாநில அரசையும் உழவரையும் பொறுத்தது. இதற்கிடையில் நீர்த்தேக்கத்தைத் தூர்வாரும் வேலை ஓய்ந்தபாடில்லை. வாரிய மண்ணைக் கொட்டவும் அம்மலையிலேயே இடம் தேட வேண்டியுள்ளது.